அடுத்த வீட்டுக்காரியிடம் எதைச் சொல்வது?

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. பணிக்குழுவின் விருது கிடைத்ததிலிருந்து ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அதே தெருப் பெண், அதனால்தான் கதவு திறக்கிறது என்பது அந்த வாதம். அக்கம்பக்க உறவைப் பயன்படுத்தி ஊரின் உடல்நலத்தைப் பேணலாம் என்று கற்றுத்தரும் பயிற்சிகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. இதில் பாதி உண்மை. மறுபாதியை வகுப்புகளில் யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டம், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறது. மாத்திரைக்காக ஒருநாள் கூலியை விட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். சுயஉதவிக் குழுவிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்ததும் சரியான முடிவே. வேலூருக்கு இந்த எண்ணம் புதிதும் அல்ல. இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனை கணியம்பாடி வட்டாரத்திலும், 1977 முதல் கே.வி.குப்பத்திலும் உள்ளூர்ப் பெண்களை நம்பியே வேலை செய்தது. சுற்றத்தின் துணை நோயாளியைத் தேற்றும் என்பதை நான் மறுக்கவில்லை.

என் குறை வேறு. சர்க்கரைக்குத் திறக்கும் கதவு காசநோய்க்கு மூடிக்கொள்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வருகிறவள் தெரிந்தவள்.

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மற்ற நாட்களில் பெண்கள் ஷூ கம்பெனி வேன் ஏறிப் போய்விடுவதால் அன்றைக்குத்தான் வீட்டில் ஆள் இருக்கும். தன்னார்வலர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றுகிறார். காற்று இறங்குகிறது. "நூத்தி அறுபது, அக்கா" என்கிறார். எதிர்வீட்டில் கோலம் போடுகிறவருக்கும் அது கேட்கிறது. "உப்பைக் குறைங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல?" என்கிறார் அவர். இதைத்தான் பாடப்புத்தகங்கள் சமூக ஆதரவு என்கின்றன. உண்மையிலேயே அழகான காட்சி அது.

அடுத்த வீட்டில் மூன்று வாரமாக இருமும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. வரன் பார்க்கிறார்கள். தன்னார்வலரைக் கண்டதும் தாய் வாசலுக்கே வந்து, "கம்பெனில பசை வாடை, வேற ஒண்ணும் இல்லம்மா" என்று சிரித்து அனுப்பிவிடுகிறார். அந்தத் தாய் அறியாமையில் பேசவில்லை. திண்ணையில் 'நூத்தி அறுபது' கேட்டவர்தானே அவரும்? சளிப் பரிசோதனைக்குப் பெயர் எழுதினால் அது எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். தன்னார்வலர் அவருடைய சுயஉதவிக் குழுவிலேயே இருக்கிறார். கடன் தவணையும் சம்பந்தப் பேச்சும் ஒரே கூட்டத்தில் நடக்கின்றன.

இந்த வட்டாரம் இதை ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டது. 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையமும் குடியாத்தம் தாலுகாவில் வீடு வீடாக நடந்த தொழுநோய்த் தேடலும் இங்கேதான். ஜீப்பை வாசலில் நிறுத்தாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டவர்களைப் பற்றி அந்தக் காலத்து ஊழியர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஜீப்பையாவது தெருமுனையில் நிறுத்திவிடலாம். பக்கத்து வீட்டுக்காரியை எங்கே நிறுத்துவது?

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மையத்தின் ஆய்வை எடுத்துக்காட்டி என்னை மறுப்பவர்கள் உண்டு. சானடோரியத்தில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கு வீட்டில் பெறும் சிகிச்சை பெரிதாகக் குறைந்ததல்ல என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டிய ஆய்வு அது. ஆனால் அந்த வீடுகளுக்குப் போனவர்கள் மையத்தின் ஊழியர்கள். நோயாளியின் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப்படும் உறவுக்காரர்கள் அல்ல. வீட்டுச் சிகிச்சையின் வெற்றியை அண்டைவீட்டுச் சிகிச்சையின் வெற்றியாகக் காட்டுவது தவறு.

ரகசியம் காப்பது நல்ல மனசு உள்ளவர்களுக்குத் தானாக வரும் என்ற எண்ணம்தான் இந்தப் பயிற்சிகளைக் கெடுக்கிறது. ரகசியம் காப்பது ஒரு தொழில்திறன். நர்ஸுகளுக்கு அதைக் கற்றுத்தர வருடங்கள் ஆகின்றன. எங்கே உட்கார வேண்டும், எண்ணை உரக்கச் சொல்வதா, கையில் எழுதிக் காட்டுவதா, நோட்டை யார் வீட்டில் வைப்பது, 'அவளுக்கு என்னவாம்?' என்று மாமியார் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துப் பழக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அப்படியானால் சர்க்கரைப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவரே இருமலையும் கேட்டாக வேண்டும். கேட்கத் தெரியாதவரை அனுப்பிவிட்டு, கேட்டாயிற்று என்று கணக்கு எழுதுகிறோம்.

இதைச் சரிசெய்யச் செலவும் பெரிதாக இல்லை. ஊருக்குத் தெரியாமல் மறைக்கத் தோன்றும் இருமல், வலிப்பு, மனச்சோர்வு ஆகிய மூன்றுக்கு மட்டும் தெருவை மாற்றிவிடலாம். சத்துவாச்சாரி ஃபேஸ் ஒன்றில் இருப்பவர் ஃபேஸ் மூன்றுக்குப் போகட்டும், அங்கிருப்பவர் இங்கே வரட்டும். அறிமுகம் குறைந்தால் நம்பிக்கை குறையும் என்பார்கள். இந்த மூன்றிலும் அறிமுகம்தான் பயம்.

தன்னார்வலர்களுக்கான ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பட்டை சுற்றுவது, விரலில் குத்துவது, செல்போனில் பதிவது என்று பாதி நாள் போனது. ஒரு பெண் எழுந்தார். "மேடம், என் சின்ன மாமியாருக்கே ரெண்டு மாசமா இருமல். நான் எழுதலாமா?" பயிற்சி கொடுத்தவர், "உங்க சொந்தம்தானே, அன்பா பேசுங்க" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவரே பேசினார். "ஆரணியில ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன் சார். இங்க வேணாம்னு அழுவுறாங்க." பையிலிருந்த நோட்டைத் தொட்டுக் காட்டினார். "இதுல அவங்களுக்கு ஒண்ணும் இல்லன்னுதான் எழுதியிருக்கேன்."