டைடல் பூங்கா: கட்டடக்கலை மதிப்பீடு

டைடல் பூங்கா (டைடல் பார்க்) சென்னை தரமணியில் ராஜீவ் காந்தி சாலையில் அமைந்துள்ள தகவல் தொழில்நுட்ப வளாகம். 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சென்னையின் அண்மைக்கால அடையாளக் கட்டடங்களுள் ஒன்று.

தோற்றம்

தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் (டிட்கோ), தமிழ்நாடு மின்னணு நிறுவனம் (எல்காட்) என்னும் இரு அரசு நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் இவ்வளாகம் உருவானது. இரண்டின் சுருக்கப்பெயர்களும் இணைந்து டைடல் ஆனது. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, ஜூலை 4, 2000 அன்று பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் இதைத் திறந்துவைத்தார். வடிவமைத்தவர் சி. ஆர். நாராயண ராவ் நிறுவனத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் சி. என். ராகவேந்திரன்.

அதற்கு முன் தரமணி, மத்திய பாலிடெக்னிக், கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், எம்.ஜி.ஆர். திரைப்பட நகரம் போன்ற அரசு வளாகங்களால் அறியப்பட்ட பகுதி. மரங்களுக்கிடையே தாழ்ந்த கட்டடங்கள் இருந்த அப்பகுதியில் டைடல் பூங்கா தனித்து உயர்ந்து நின்றது.

அமைப்பு

பதின்மூன்று தளங்கள் கொண்ட இக்கட்டடத்தின் பரப்பு ஏறத்தாழ 12.8 லட்சம் சதுர அடி. தளங்கள் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. தடையில்லா மின்சாரம், தொலைத்தொடர்பு இணைப்பு, மைய குளிரூட்டல் ஆகியவை கட்டடத்தின் பகுதியாகவே அளிக்கப்பட்டன. இரவில் குளிர்ச்சியைச் சேமித்துப் பகலில் பயன்படுத்தும் முறையும் இங்கு அமைக்கப்பட்டது.

முந்தைய அடையாளங்களுடன் ஒப்பீடு

1892-ல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடம் தடித்த சுவர்களாலும் வளைவுகள் கொண்ட தாழ்வாரங்களாலும் வெயிலைத் தடுத்தது. அண்ணா சாலையில் 1959-ல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி உயரமுடையது. சென்னையின் முதல் வானளாவி. வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் அதை அண்ணாந்து பார்த்துச் சென்றனர். இவ்விரண்டிலும் பொதுமக்களுக்கு வேலை இருந்தது. வழக்குக்காகவோ, காப்பீட்டுத் தவணை கட்டவோ எவரும் உள்ளே செல்ல முடிந்தது.

டைடல் பூங்கா அரசு நிறுவனங்கள் கட்டியது. ஆனால் அடையாள அட்டையோ அனுமதிச் சீட்டோ இல்லாதவர் வாயிலைத் தாண்ட முடியாது. பேருந்து நிறுத்தத்துக்கும் சாலைச் சந்திப்புக்கும் பெயர் தந்த கட்டடம் சென்னைவாசிகள் பலருக்கு வெளிப்புறமாக மட்டுமே தெரியும்.

மதிப்பீடு

டைடல் பூங்காவின் முதன்மையான சாதனை நகரமைப்பு சார்ந்தது. சென்னையின் வேலைவாய்ப்பு மையத்தைத் தெற்கு நோக்கி நகர்த்தியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. சொந்தக் கட்டடம் எழுப்ப இயலாத நிறுவனங்களும் ஆயத்தமான தளங்களில் தொழில் தொடங்க முடிந்தது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் பின்னர் எழுந்த வளாகங்களுக்கு இதுவே முன்மாதிரி.

கட்டடக்கலை நோக்கில் இதன் குறைகள் இரண்டு. ஒன்று, இது தெருவுடன் உறவற்றது. ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில், நடப்பவருக்கு நிழல் தரும் தாழ்வாரமோ பொதுமக்கள் பயன்படுத்தும் முற்றமோ சாலையை நோக்கி அமையவில்லை. மற்றொன்று, கண்ணாடி முகப்பும் மூடிய அறைகளும் முழுக்கக் குளிரூட்டலையே நம்பியுள்ளன. குளிர்ச்சியைச் சேமிப்பது மின்சாரம் செலவாகும் நேரத்தை மாற்றுகிறது. வெயில் உள்ளே வருவதைத் தடுப்பதில்லை. உயர் நீதிமன்றத்தின் தாழ்வாரம் மின்சாரமின்றிச் செய்த வேலையை இங்கு இயந்திரம் செய்கிறது.

இக்குறைகள் ஒரு கட்டடத்துடன் முடிவன அல்ல. டைடல் என்பது இன்று ஒரு கட்டட வகையின் பெயராகிவிட்டது. கோவைக்குப் பின் 2024-ல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், பட்டாபிராம் ஆகிய இடங்களிலும் அப்பெயரில் வளாகங்கள் திறக்கப்பட்டன. 2000-ல் தரமணியில் வேலைவாய்ப்பைக் கொண்டுவருவதே முதல் தேவையாக இருந்தது. மதிலும் கண்ணாடியும் அன்றைய அவசரத்தின் விளைவுகள் எனக் கொள்ளலாம். தஞ்சாவூரிலும் சேலத்திலும் அதே அவசரம் இல்லை. அவ்வூர்களின் வெயிலுக்கும் தெருவுக்கும் ஏற்ற வடிவம் கண்டடையப்படும்போதே டைடல் பூங்கா தொடங்கிய பணி நிறைவடையும்.