உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்: ஒரு பரீட்சையின் மீதான வாசிப்பு

கதை, கவிதை, நாவல் இவற்றை மட்டும்தான் விமர்சனம் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது? ஒருத்தருக்கு வேலை உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிற கேள்வித்தாளும் எழுதப்பட்ட பிரதிதான். அதை எழுதியவர்கள் உண்டு. அது மனசில் வைத்திருக்கிற வாசகர் உண்டு. அது பேசாமல் விடுகிற சங்கதிகளும் உண்டு. நான் தமிழ் எம்.ஏ. சிலப்பதிகாரத்தை எந்தக் கண்ணால் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்களோ அதே கண்ணால், வெளிநாட்டில் வாத்தியார் வேலைக்குப் போக நினைப்பவர்கள் எழுத வேண்டிய ஆங்கிலப் பரீட்சையை இங்கே வாசிக்கிறேன்.

முதலில் இந்தப் பரீட்சையை எழுதத் துணிகிறவர்கள் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எளாவூர், சென்னையிலிருந்து கொல்கத்தா போகிற நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. செக்போஸ்ட் என்றால் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். எங்க சனங்களில் பலருக்குத் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். கம்பெனியில் ஒடிசா, பீகார் ஆட்களோடு நின்று வேலை செய்ததில் இந்தியும் ஒட்டிக்கொண்டது. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாகப் பி.எட். முடித்து வந்தவர்கள்தான் நான் சொல்லும் ஆசிரியர்கள்.

இவர்களுக்கு இங்கேயே வேலை இல்லையா என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு முதன்முதலாக 2012 ஜூலையில் நடந்தது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல், அறுபது சதவீதம். தலித்துகளுக்கு மதிப்பெண் தளர்வு கிடையாது என்று வைத்தார்கள். ஐந்து சதவீதத் தளர்வு வர 2014 பிப்ரவரி ஆயிற்று. பாஸ் செய்தவர்கள் பணி ஆணைக்குக் காத்திருந்தார்கள். 2018இல் அரசாணை 149 வந்தது. தகுதித் தேர்வில் தேறியவர்கள் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. பரீட்சைக்கு மேல் பரீட்சை. நடுவில் வயசு போகிறது. தனியார் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து போடுவது ஒரு தொகைக்கு, கைக்கு வருவது வேறொரு தொகை. 'இங்க இருந்து இன்னா பண்றது, எங்கனா போலாம்' என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

போகிற வழியில் நிற்கிறது ஐ.இ.எல்.டி.எஸ். பிரிட்டிஷ் கவுன்சிலும் கேம்பிரிட்ஜும் 1980இல் தொடங்கிய ஒரு தேர்வு, ஆஸ்திரேலியாவின் ஐ.டி.பி. நிறுவனமும் சேர்ந்துகொள்ள, 1989இல் இந்தப் பெயருக்கு மாறியது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. மதிப்பெண் ஒன்பது வரைக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர விரும்பும் ஆசிரியர்களின் தகுதியை மதிப்பிடும் ஏ.ஐ.டி.எஸ்.எல். என்ற அமைப்பு, வாசிப்பிலும் எழுத்திலும் ஏழு, கேட்டலிலும் பேச்சிலும் எட்டு கேட்கிறது. எட்டு என்பது லேசான காரியமில்லை. கட்டணம் பதினேழாயிரம் பதினெட்டாயிரம் ரூபாய் ஆகிறது. எனக்குத் தெரிந்த கணக்கு டீச்சர் ஒருவருக்கு அது ஒரு மாசச் சம்பளத்தைவிட அதிகம். வாங்கிய மதிப்பெண்ணோ இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். இரண்டு வருஷத்தில் ஒரு மனுஷிக்கு இங்கிலீஷ் மறந்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

2021இல் பிரிட்டிஷ் கவுன்சில் இந்தியாவில் தான் நடத்தி வந்த இந்தத் தேர்வு வியாபாரத்தை ஐ.டி.பி.க்கு விற்றது. விலை 13 கோடி பவுண்டு. நம் பிள்ளைகள் இங்கிலீஷில் தடுமாறுவதற்குச் சந்தையில் அத்தனை மதிப்பு இருக்கிறது.

இன்னொரு நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறவருக்கு அந்தப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரிப் பேசத் தெரிய வேண்டும். இதில் தகராறு இல்லை. என் கேள்வி விலக்குப் பட்டியலைப் பற்றியது. ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் உயர்கல்வியும் ஆசிரியர் பயிற்சியும் முடித்தவர்கள் அந்த ஆஸ்திரேலிய அமைப்புக்கு இந்தப் பரீட்சையைக் காட்ட வேண்டியதில்லை. உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் ஆங்கிலத்தில் தீர்ப்பெழுதுகிற இந்தியாவில் முழுக்க ஆங்கில வழியிலேயே படித்தவர் காட்டியாக வேண்டும். அப்படியானால் மொழியை அளப்பதற்கு முன்னாலேயே, எந்த மண்ணில் படித்தாய் என்ற கேள்வி முடிந்துபோகிறது. பிறந்த இடத்தைக் கேட்டுவிட்டுத் தகுதியைப் பற்றிப் பேசுகிற பழக்கம் நமக்குப் புதுசா என்ன?

இனி பிரதிக்குள் போவோம். பேச்சுத் தேர்வு பதினொன்றிலிருந்து பதினான்கு நிமிஷம். தேர்வாளர் எதிரே உட்கார்ந்து பேசுவார். முதல் பகுதியில் சாதாரணமாக வருகிற கேள்விகளில் ஒன்று, 'உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது. பயத்தைப் போக்குவதற்காகக் கேட்கிற சுலபமான கேள்வியாம். எங்கள் இரவு வகுப்பில் அந்தக் கணக்கு டீச்சரை எதிரே உட்காரவைத்து இதைக் கேட்டேன். அவர் இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் திருப்பிக் கேட்டார்: 'ஊருன்னா எத சொல்றது? ஊரா, காலனியா?'

'எளாவூர்னே சொல்லுங்கக்கா.'

'ஊருக்குள்ள நம்மளுது இன்னா கீது சொல்றதுக்கு?'

அந்தக் கேள்வித்தாளை எழுதியவருக்கு இருப்பது ஒரே சொல். நமக்கு இரண்டு. ஊர் வேறு, சேரி வேறு. தேர் ஓடுகிற தெரு ஒன்று, பிணம் போகிற பாதை ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவே நின்று எதைச் சொல்வது என்று யோசிக்கிற அந்த நாலைந்து நொடி மௌனத்துக்குப் பரீட்சையில் பெயர் உண்டு: தயக்கம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். முதலாவதில் தயக்கத்துக்கு மதிப்பெண் குறையும். அக்காவுக்குச் சொல் தெரியாமல் இல்லை. சாதி அங்கே நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. பரீட்சை அதை மொழிக் குறையாகப் பதிவு செய்துகொள்கிறது.

பயிற்சி நிலையங்கள் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கின்றன. மனப்பாடப் பதில். என் ஊர் அமைதியானது, பசுமையானது, மக்கள் அன்பானவர்கள். டீக்கடையில் தனி டம்ளர் வைத்த ஊரிலிருந்து வருகிற பெண்ணும் இதை இங்கிலீஷில் மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். நம்முடைய 'மண்மணம்' கதைகளிலும் கிராமத்தை இப்படித்தான் எழுதிப் பரிசு வாங்கினார்கள். அந்தக் கிராமத்தைத் தலித் எழுத்து உடைத்துப் போட்டுப் பல வருஷமாகிறது. பரீட்சைப் புத்தகத்தில் அது இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில் நம் தமிழ்ப்பற்றாளர்கள் சந்தோஷப்படுவார்கள். 'பார்த்தீர்களா, அன்னிய மொழி அடிமைத்தனம், தாய்மொழியில் நில்லுங்கள்' என்பார்கள். அவர்களிடம் பணிவாகக் கேட்கிறேன்: உங்கள் பேரப்பிள்ளைகள் எந்த மீடியத்தில் படிக்கிறார்கள்? இங்கிலீஷை விடுவது பற்றிப் பேச நமக்கு நேரமில்லை. அம்பேத்கர் கொலம்பியாவுக்கும் லண்டனுக்கும் போய்ப் படித்து வந்த மொழி அது.

பரீட்சை விஷயத்தில் நமக்கு இன்னும் பழைய முன்னோடி இருக்கிறார். 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரஸின் கோரிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இரட்டைமலை சீனிவாசனும் பறையர் மகாஜன சபையாரும் அதை எதிர்த்து 3412 பேர் கையெழுத்தோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். இங்கே நடத்தினால் சாதி இந்துக்களே அத்தனை பதவிகளையும் பிடித்துக்கொண்டு நம்மை இன்னும் நசுக்குவார்கள் என்பது வாதம். அதே 1893இல்தான் அவர் 'பறையன்' பத்திரிகையைத் தமிழில் தொடங்கினார். லண்டனுக்கு மனு, சேரிக்குத் தமிழ். இரண்டுக்கும் நடுவே அவருக்குச் சண்டை வரவில்லை.

அந்த மனுவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு வாசிப்பு முறை. ஒரு பரீட்சையைப் பார்த்ததும் அது கஷ்டமா சுலபமா என்று அவர் கேட்கவில்லை. எங்கே நடக்கிறது, யார் நடத்துகிறார்கள், அதனால் யார் கையில் அதிகாரம் சேர்கிறது என்று கேட்டார். இன்றைக்கு நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

கேட்டால் இரண்டு பதில் வருகிறது. முதலாவது, பணமும் மீடியமும் உள்ளவர்களுக்குச் சாதகமாக இந்தப் பரீட்சை சாய்ந்திருக்கிறது. இதற்கு அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடி இளைஞர்களுக்குத் தாட்கோ மூலம் இந்தத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி என்று அறிவித்தார்கள். வரவேற்கலாம். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற ஒரு டீச்சருக்கு, எளாவூரிலிருந்து ரயில் பிடித்துப் பட்டணம் போய் வருகிற பயிற்சியால் என்ன பிரயோசனம்? பயிற்சி ஒன்றிய அளவில், சாயங்காலத்தில் நடக்க வேண்டும். பரீட்சைக் கட்டணத்தையும் அரசே கட்ட வேண்டும், ஒரு தடவைக்கு மட்டுமல்ல.

இரண்டாவது பதில் கொஞ்சம் விசித்திரமானது. எதிரே உட்கார்ந்திருக்கிற தேர்வாளருக்கு, பேசுகிறவர் எந்தத் தெரு என்று அக்கறை இல்லை. பதிலின் உண்மை பொய்க்கு அவர் மதிப்பெண் போடுவதில்லை, சொல்லும் விதத்துக்கே போடுகிறார். அப்படியென்றால் பசுமையான ஊரை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? உள்ளதைச் சொல்லலாமே. சரளமாகச் சொன்னால் போதும்.

எங்கள் வகுப்பில் இப்போது அதைத்தான் பயிற்சி செய்கிறோம். சேரி, தீண்டாமை, ஒதுக்கப்பட்ட சுடுகாடு, பிரிக்கப்பட்ட தண்ணீர்க் குழாய் இவற்றுக்கான இங்கிலீஷ் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இந்தப் பட்டியல் ஒரே இடத்தில் கிடைக்காது. 'எங்கள் ஊரில் இரண்டு ஊர் இருக்கிறது' என்று தொடங்கி இரண்டு நிமிஷம் நிற்காமல் பேச வேண்டும். கணக்கு டீச்சர் போன வாரம் ஒன்றரை நிமிஷம் வந்துவிட்டார்.