திறந்த குவாண்டம் அமைப்புகளில் சிற்றுறுதி நிலைகள்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

நினைவற்ற சூழலோடு ஊடாடும் குவாண்டம் அமைப்பின் காலவளர்ச்சியை விளக்கும் முதன்மைச் சமன்பாட்டின் பொது வடிவத்தை லிண்ட்பிளாட் ஒருபுறமும், கோரினி, கோசகோவ்ஸ்கி, சுதர்சன் ஆகியோர் மறுபுறமும் 1976இல் வகுத்தனர். அச்சமன்பாட்டைக் கையாளும் ஆய்வுகள் பெரும்பாலும் இறுதி நிலையையே தேடுகின்றன. அந்நிலையை எட்டுமுன் நெடிது நீடிக்கும் சிற்றுறுதி நிலைகளுக்கு மாச்சேஷ்சாக், குட்சா, லெசனோவ்ஸ்கி, கர்ராஹன் ஆகியோர் 2016இல் ஒரு பொதுக் கோட்பாட்டை முன்வைத்தனர். அதன் வலிமையும் எல்லையும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

கோட்பாட்டின் வலிமை

ஒளிச்செறிவுக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறும் ஊடகத்தைக் கொண்ட ஒத்ததிர்வுக் குழியில் லேசர் ஒளியைச் செலுத்தினால், குறிப்பிட்ட செறிவு எல்லைக்குள் சராசரிப் புலக் கணக்கு மங்கல், ஒளிர்வு என நிலையான இரு விடைகளைத் தருகிறது. டிரம்மண்டும் வால்ஸும் 1980இல் கண்ட துல்லியத் தீர்வோ ஒரே இறுதி நிலையைத் தருகிறது. இம்முரணைக் காலம் என்னும் அளவுகோல் தீர்க்கிறது. முதன்மைச் சமன்பாட்டுச் செயலியின் ஐகன் மதிப்புகளுள் சுழி இறுதி நிலையைக் குறிக்கும். அதனை ஒட்டி மற்றொன்று அமைந்து, ஏனையவை தொலைவில் இருப்பின், அமைப்பு விரைவில் இரு சிற்றுறுதி நிலைகளின் கலவையாகிறது. இறுதி நிலையை மிக மெதுவாகவே அடைகிறது. இவ்வாறு, 'நிலை ஒன்றா, இரண்டா' என்னும் வினா, 'எத்துணைக் காலம் நோக்கப்படுகிறது' என்னும் வினாவாகிறது. இவ்வினா மாற்றமே கோட்பாட்டின் முதன்மைப் பயன்.

கோட்பாட்டின் எல்லை

ஐகன் மதிப்புகளுக்கிடையே பெரிய இடைவெளி உண்டு என்பதைக் கோட்பாடு தொடக்கக் கருதுகோளாகக் கொள்கிறது; அவ்விடைவெளி ஏன் தோன்றுகிறது என்பதை ஒவ்வோர் அமைப்பிலும் தனியே ஆராய வேண்டியுள்ளது. இடைவெளி தெளிவாக இல்லாதவிடத்துச் சிற்றுறுதி நிலைகளின் வரையறையும் தெளிவிழக்கிறது. கணக்கீட்டுச் சுமையும் பெரிது. இருநிலைத் துகள்கள் 10 கொண்ட அமைப்புக்கே அச்செயலி 10,48,576 வரிசைகள் கொண்ட அணியாகும். பல்துகள் அமைப்புகளில்தான் இக்கோட்பாட்டின் தேவை மிகுதி. அங்கேதான் அதனை நேரடியாகப் பயன்படுத்துவதும் அரிது.

முடிவுரை

லேசர் பாடத்தில் 'சிற்றுறுதி நிலை' என்பது அணுவின் ஓர் ஆற்றல் மட்டம். இங்கோ அது அடர்த்தி அணியின் இயக்கத்தில் நீடிக்கும் ஒரு கட்டம். ஒரே சொல் இரு பொருளில் வழங்குவதால், பயிற்றுவிப்போர் இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்துதல் வேண்டும். ஆய்வாளர் இறுதி நிலையோடு அதனை அடையும் காலத்தையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். காலம் கூறப்படாத முடிவு ஆய்வகத்தில் சரிபார்க்க இயலாததாகிவிடும்.