திருத்த அறிவித்தலும் இயந்திரத்தின் எழுத்தும்

கதையையும் கவிதையையும் மட்டுமே விமர்சிக்க வேண்டுமென்று யாரும் விதித்ததில்லை. உழைப்பாளியின் சோற்றைத் தீர்மானிக்கும் எழுத்துக்களுள் கட்டிட வேலைத்தளத்துத் திருத்த அறிவித்தலும் ஒன்று. கண்ட குறையை இன்ன காலத்துள் சீர்செய்க என்று பொறியியலாளர் ஒப்பந்தக்காரருக்கு எழுதுவார். ஒப்பந்தக்காரர் தமக்குக் கீழுள்ள உப ஒப்பந்தக்காரருக்கு எழுதுவார். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இக்கடிதங்களும் செயற்கை நுண்ணறிவின் கைக்குப் போகத் தொடங்கியுள்ளன.

அத்தகைய கடிதமொன்றை அண்மையில் வாசிக்க நேர்ந்தது. கொழும்பில் எழும் மாடிக் கட்டிடமொன்றில், தூணின் அடிப்புறத்துக் கொங்கிறீற்று தேன்வதைபோலத் துளைவிட்டிருந்தது. கடிதத்தின் ஆங்கிலம் குற்றமற்றது. வசையில்லை, பழைய துரைமாரின் செருக்குமில்லை. ஆங்கிலத்தில் தடுமாறும் இளம் உத்தியோகத்தருக்கு இது பெருந்துணை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் 'தரக்குறைவான வேலைத்திறன் காரணமாக' என்றொரு தொடர் அதில் இருந்தது. அதனை எழுதியவர் யார்?

அனுப்பியவரை வினவினேன். தூணின் இலக்கத்தையும் துளை விழுந்த செய்தியையுமே தாம் கொடுத்ததாகச் சொன்னார். காரணத்தை இயந்திரம் தானாக இட்டு நிரப்பியிருக்கிறது! கலவையை அதிரவைத்து இறுக்கும் கருவியைச் சரிவரப் பிடிக்காவிடில் துளை விழும். அது மேசனின் பிழை. கம்பிகள் மிக நெருக்கமாக வரையப்பட்டிருப்பின் கலவை உள்ளே இறங்காது. அது வரைந்தவரின் பிழை. கலவையே இறுகி வந்தாலும் துளை விழும். அத்தளத்துக்குக் கலவையை வருவித்தவரோ முதன்மை ஒப்பந்தக்காரர். இவற்றுள் எதுவென்பதைத் தூணருகே சென்று பார்த்தவரே கூறவியலும். பாராத இயந்திரம் பழியைக் கீழே இருப்பவன் தலையில் வைத்தது. மேலிருந்து கீழ்நோக்கி எழுதப்பட்டவற்றையே மிகுதியாகப் படித்த எழுத்துக்கு அதுதான் இயல்பு போலும்.

பிடிக் எனப்படும் சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் சம்மேளனத்தின் செந்நூல், 2017ஆம் ஆண்டுப் பதிப்பின் 15.1ஆம் பிரிவில், குறையை விவரித்தல், மீறப்பட்ட பிரிவைக் காட்டல், நியாயமான காலம் குறித்தல் என மூன்றைக் கேட்கிறது. காரணம் கற்பிக்கும்படி கேட்கவில்லை. அறிவித்தலுக்கு இணங்காவிடில், 15.2ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தையே முடிவுறுத்தலாம். கீழ்மட்ட ஒப்பந்தங்களும் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றுவன. உப ஒப்பந்தக்காரர் என்ற பெரும் பெயருக்குரியவரோ, பத்துப் பன்னிரண்டு பேரை நாட்கூலிக்கு அழைத்துவரும் ஒரு மேசன் பாஸ். கடிதம் ஏழு நாள் தவணை விதித்தது. கொத்தி, நிரப்பி, இறுகவிட எத்தனை நாள் செல்லுமென்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

பாஸுக்கு ஆங்கிலம் தெரியாது. பாடசாலை மாணவனான அவரது மகன், கடிதத்தை அதே இயந்திரத்திடம் கொடுத்துப் பதிலொன்று எழுதுவித்தான். மிகுந்த பணிவோடு வருத்தம் தெரிவித்த அப்பதிலிலும் 'தரக்குறைவான வேலைத்திறன்' என்ற தொடர் இருந்தது. பாஸ் அதன்கீழ்க் கையொப்பமிட்டிருந்தார்.