‘என்’ எத்தனை முறை?

ஆண்டாளின் தன்மைக் குரலைப் பற்றி எழுத வரும் மாணவிகள் இப்போது ஓர் எண்ணோடு வருகிறார்கள். நாச்சியார் திருமொழிக் கோப்பை நோட்பேடில் திறந்து, கன்ட்ரோல் எஃப் அழுத்தி, ‘என்’ என்று தட்டி, கிடைத்த தொகையைக் கட்டுரையின் இரண்டாம் பத்தியிலேயே வைத்துவிடுகிறார்கள். கிருஷ்ணன்கோவிலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஊர்; ஆடிப்பூரத் தேரில் ஆண்டாளைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர். தேரில் பார்த்தவளைச் சொல்லில் தேடுவது எனக்குப் பிடித்த மாற்றம்தான். அந்த எண்ணைத்தான் நம்ப முடியவில்லை.

எடிட்டருக்குச் சொல் தெரியாது, எழுத்து வரிசைதான் தெரியும். ‘என்’ தேடினால் ‘என்று’, ‘என்ன’ எல்லாம் வந்து விழும். (‘கண்’ தேடிப் பாருங்கள், கண்ணனும் வருவான்.) மிகையாக வருவதைக் கண்ணால் கழித்துவிடலாம். வராமல் போவதை என்ன செய்வது? ‘வந்த’ என்பதற்குப் பின் ‘என்’ வந்து, பழைய முறைப்படி சேர்த்தெழுதினால் ‘வந்தவென்’. அங்கே எகரம் இல்லை. வகரத்தின் முன் ஓர் ஒற்றைக்கொம்பு நிற்கிறது. காதுக்கு அது ‘என்’தான். கோப்புக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஒரு பெண் ‘என்னுடையது’ என்று சொல்லும் இடம் முந்தைய சொல்லோடு ஒட்டியதாலேயே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

ஆக, அந்த எண் ஆண்டாளுடையது மட்டுமல்ல, சந்தி பிரித்தவருடையதும்கூட. மர்ரே எஸ். ராஜம் 1950களில் சந்தி பிரித்த பதிப்புகளை மலிவு விலையில் கொண்டுவந்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து கோப்புகளாக்கினார்கள். இவர்கள் உழைப்பு இல்லாமல் இந்தத் தேடலே இல்லை. ஆனால் எந்தக் கோப்பில், யார் விட்ட இடைவெளியில் எண்ணினோம் என்பதைச் சொல்லாத எண்ணிக்கை ஆய்வாகாது.

‘கொங்கை’யின் கதை வேறு. யூனிகோடில் ‘கொ’வின் குறியை ஒரே துண்டாகவும் வைக்கலாம்; கொம்பு, கால் என இரண்டு துண்டாகவும் வைக்கலாம். திரையில் வேற்றுமை தெரியாது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாத எடிட்டர் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். வைணவ உரைமரபு பெண்ணின் மார்பைப் பக்தி என்று உள்ளுறை சொல்லிக் கடந்தது. அந்த உரையோடு வாதாடவாவது முடியும், அது என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. வெற்றுத் திரையோடு எப்படி வாதாடுவது?

நான் சொல்லும் வழி எளியது. ‘என்’ தேடியபின் ‘ென்’ என்று தனிக்கொம்போடும் தேடுங்கள். ‘சென்று’, ‘மென்’ என்று குப்பையும் சேர்ந்து வரும்; படித்துத்தான் கழிக்க வேண்டும். 143 பாசுரங்கள்தானே, ஒரு மாலைப்பொழுது போதும். பிறகு 14 திருமொழிகளையும் 14 கோப்புகளாக வெட்டிக்கொள்ளுங்கள். மொத்தத் தொகை மறைக்கும் ஒன்று அப்போது தெரியும்: எல்லாத் திருமொழிகளிலும் பேசுவது ஒரே ‘நான்’ இல்லை. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் சிறுமிகள் கூட்டமாகப் பேசுகிறார்கள். சிற்றிலைச் சிதைக்காதே என்கிறார்கள், துணியைத் திருப்பிக் கொடு என்கிறார்கள். அங்கே ‘என்’ குறைந்திருப்பதைக் குரலின் பலவீனம் என்று எழுதினால் தோழிகளை அழித்துவிடுகிறோம். பதின்மூன்றுக்கு வரும்போது பேசுவது ஒருத்தி. தனக்குப் பயன்படாத மார்பை வேரோடு பிடுங்கி அவன் மார்பில் எறியப்போவதாகச் சொல்கிறாள். அங்கே அவள் எடுத்துக்கொண்ட சொல் ‘கொங்கை’.