புகையின் நிறம் சொல்வதும் சொல்லாததும்

பழைய டீசல் வண்டி வாங்கப் போகிறவருக்கு எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை, சைலன்சரைப் பார் என்பது. கறுப்பு என்றால் இன்ஜெக்டர், நீலம் என்றால் பிஸ்டன் ரிங், வெள்ளை என்றால் ஹெட் கேஸ்கட். பட்டறைகளில் இது வாய்பாடாகவே புழங்குகிறது. இதை நம்பி நல்ல வண்டியைக் கைவிட்டவர்கள் உண்டு. தேய்ந்த இன்ஜினை நல்ல விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. இந்த வாய்பாடு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே ஏமாற்றும் என்று எடைபோட வேண்டியிருக்கிறது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழ 16 முதல் 22 மடங்கு வரை அழுத்தும்போது பிறக்கும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. ஆகவே காற்று போதிய அளவு வர வேண்டும், டீசல் நுண்துளிகளாகச் சரியான நேரத்தில் பாய வேண்டும், அழுத்தம் கசியாமல் நிற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலோ, வரக்கூடாத ஆயிலோ கூலண்டோ உள்ளே நுழைந்தாலோ புகை வரும். புகையின் நிறம் எது எரிகிறது அல்லது எது எரியவில்லை என்பதைக் காட்டும். ஏன் என்பதைக் காட்டாது.

வாய்பாடு மிகவும் சறுக்குவது கரும்புகையில்தான். இருக்கும் காற்றுக்கு டீசல் அதிகம் என்பதே கரும்புகையின் பொருள். டீசல் கூடினாலும் அப்படித்தான், காற்று குறைந்தாலும் அப்படித்தான். வாய்பாடோ டீசல் பக்கத்தை மட்டும் பார்க்கிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸ் கிழிந்திருக்கலாம், எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து திறந்தபடியே நிற்கலாம். இவற்றைப் பார்க்காமல், கணினி டீசலைக் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வண்டியில் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றினால் பல பத்தாயிரம் ரூபாய் போகும், புகை அப்படியே இருக்கும். இடமும் ஒரு காரணம். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத பழைய வண்டி மேட்டுப்பாளையத்தில் விட்டதைவிட அங்கே கூடுதலாகப் புகை விட்டால், அதை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவு கட்ட முடியாது.

நீலப்புகையில் வாய்பாட்டின் பாதி சரி: ஆயில் எரிகிறது. எந்த வழியாக வருகிறது என்பதில்தான் பிழை. ரிங் தேய்ந்தும் வரலாம், டர்போவின் சீல் போயும் வரலாம். டர்போவுக்குப் பிந்தைய காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தால், ஆயில் தேங்கி நிற்பது டர்போவின் மேல் சந்தேகத்தைக் கூட்டும். லேசான ஈரம் மட்டும் இருந்தால் அதைக் குற்றமாகக் கொள்ளக் கூடாது. இன்னொரு தவறு பெட்ரோல் வண்டியிலிருந்து வந்தது. மலையிறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டபின் நீலப்புகை வந்தால் வால்வு சீல் என்பார்கள். பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் மூடியதும் பெரும் வெற்றிடம் உண்டாகி ஆயிலை உறிஞ்சும், அதனால் அங்கே அது பொருந்தும். பெரும்பாலான பழைய டீசல் இன்ஜின்களில் காற்றை அப்படி அடைப்பதே இல்லை. அந்தச் சோதனையை அப்படியே இங்கே கொண்டுவருவது தவறான தீர்ப்பில் முடியும்.

வெண்புகையில் இரண்டு வகை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கண் எரியும் டீசல் நெடியோடு வந்து, இன்ஜின் சூடானதும் நின்றுவிட்டால் அது எரியாத டீசல். ஹீட்டர் பிளக் வேலை செய்யாமலிருக்கலாம், அழுத்தமும் குறைந்திருக்கலாம். சூடான பிறகும் நிற்காமல், கூலண்ட் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால்தான் ஹெட் கேஸ்கட்டையோ சிலிண்டர் ஹெட்டையோ சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த காலையில் சில நொடிகள் வரும் ஆவி நோயல்ல.

ஆக, நிறத்தைவிட நேரமே நல்ல சாட்சி. குளிர்ந்த இன்ஜினிலா, சூட்டிலா, ஐடிலிங்கிலா, ஏற்றத்தில் பாரத்தோடா என்று பார்த்தால் காரணங்களின் பட்டியல் சட்டென்று சுருங்கும். விற்பவர் வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், முக்கியமான சாட்சியே மறைந்துவிட்டது என்று பொருள்.

இனி கருவிகள். புகைச் சான்றிதழைக் காட்டி இன்ஜின் நல்லது என்று வாதிடுவதை ஏற்க முடியாது. டீசல் வண்டிக்கு அந்தச் சோதனை, நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் புகையின் அடர்த்தியை அளப்பது. பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) 4 மாசு விதிக்கு முந்தைய வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகும், பி.எஸ். 4 வண்டிகளுக்கு 50 அலகும் வரம்பு. வண்டி பாரம் இழுக்காத நிலையில் எடுக்கும் அளவு அது. ஏற்றத்தில் மட்டும் பிரியும் டர்போ ஹோஸ் அதில் தப்பிவிடும். காற்றின் தூய்மைக்கு அது தேவையான சோதனை. இன்ஜினின் உடல்நலத்துக்குச் சான்று அல்ல.

காமன் ரெயில் வண்டியில் ஸ்கேனர் மிகவும் உதவும். உள்ளே வரும் காற்றின் அளவு, ரெயில் அழுத்தம், பல வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவு ஆகியவற்றை வண்டி ஓடும்போதே காட்டும். பிழைக் குறியீடுகளை முன்பே அழித்துவைக்க முடியும் என்பதால், ஓட்டிப் பார்த்த பிறகு படித்தால்தான் பயன். குவாலிஸ் போன்ற, மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிகளில் இந்த வசதிக்கே இடமில்லை. இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனையும் பயனுள்ளதுதான், ஆனால் அது உட்கசிவை மட்டுமே சொல்லும். டீசல் சரியாகச் சிதறுகிறதா என்பதை பம்ப் கடையின் பெஞ்சில்தான் அறிய முடியும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங் வழியாகக் கசிந்து வரும் காற்று, எவ்வளவு என்று பார்ப்பது எளிது, செலவில்லாதது. ஓரளவு காற்று எல்லா இன்ஜினிலும் துடிக்கும். அந்தக் காற்றை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் அடைத்திருந்தாலும் கூடுதலாக அடிக்கும். எனவே அது குறிப்பு, தீர்ப்பு அல்ல. தீர்ப்புக்குக் கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். மொத்த அளவோடு, சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். சிலிண்டரில் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கும் பழைய முறையை டீசலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டீசலில் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் மிகச் சிறியது. ஊற்றிய ஆயிலே அந்த இடத்தைக் குறைத்து அளவைப் பொய்யாக உயர்த்தும், அதிகமானால் இன்ஜினையே உடைக்கும். காற்றைச் செலுத்திக் கசிவை அளக்கும் சோதனையே நம்பத்தக்கது. காற்று ஆயில் மூடி வழியாக வந்தால் ரிங், சைலன்சர் வழியாக வந்தால் வால்வு, கூலண்டில் குமிழிட்டால் கேஸ்கட் அல்லது ஹெட்.

என் முடிவு இது. ஏற்றத்தில் மட்டும் கரும்புகை, காலையில் எளிதாக ஸ்டார்ட், பேக் கம்ப்ரஷன் இயல்பு என்றால், காற்றுப் பக்கத்தை முதலில் சரிபார்த்து, இன்ஜெக்டர் செலவுக்கு விலையைக் குறைத்து அந்த வண்டியை வாங்கலாம். சூட்டிலும் தொடரும் நீலப்புகையும் பலத்த பேக் கம்ப்ரஷனும் சேர்ந்திருந்தால், இன்ஜின் வேலைக்கான முழுத் தொகையைக் கழித்தாலொழிய வாங்கக் கூடாது. சூட்டிலும் வெண்புகை விட்டுக் கூலண்ட் குடிக்கும் வண்டியை விலை பேசாமலே விட்டுவிட வேண்டும். இ.ஜி.ஆரை அடைத்துப் புகையைக் குறைத்திருந்தால் அதைப் பழுது நீக்கியதாக ஏற்கக் கூடாது. அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடுகின்றன.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. அந்தப் புகையை வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள். வாங்குகிறவர்களே, காலையில், நீங்கள் போய்ச் சேரும்வரை ஸ்டார்ட் செய்யாத வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.