நிலப்படமும் குடிவழி வரலாறும்

தோட்டப்புறத் தமிழரின் குடிவழி வரலாற்றை எழுத முற்படுவோர் முதியோரின் வாய்மொழியையும் பிறப்புப் பத்திரங்களையும் கோயில் மலர்களையுமே பெரிதும் நம்பி வந்துள்ளனர். பழைய நிலப்படத்தைச் சான்றாகக் கொள்வோர் சிலரே. அவர்களுள்ளும் பலர் அதனை நூலின் முகப்பில் அழகுக்காக அச்சிட்டுவிட்டு, அடுத்த பக்கத்திலேயே மறந்துவிடுகின்றனர். ஒரு நூலைத் திறனாய்வோன் அதனை எழுதியவர் யார், எவர்பொருட்டு எழுதினார், எதனைச் சொல்லாது விடுத்தார் என வினவுவான். நிலப்படத்தை நோக்கி இவ்வினாக்களை எழுப்புவோரைக் காண்பது அரிதாக உள்ளது.

மலாயாவின் பழைய நில அளவைப் படங்களுள் இத்தகைய ஆய்வுக்கு மிகவும் ஏற்றது, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் வரையப்பட்ட வரிசையாகும். தோட்டத்து முதியவர் தம் ஊரைக் குறிப்பிடுகையில், ஒன்பதாங் கட்டையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும் என்பார். மாணவர் இதனை வெறும் பேச்சு வழக்கென ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் அதனினும் துல்லியமான முகவரி வேறில்லை. பட்டணத்தில் தொடங்கி, சாலையின் வளைவுகளை ஒட்டி ஒரு நூலை வைத்து ஒன்பது அங்குலம் அளந்தால், முதியவர் குறித்த இடத்தருகே நூலின் முனை நிற்கும். மைல் கணக்கு மறைந்து கிலோமீட்டர் வந்த பின்னர் அக்கட்டைகள் சாலையோரத்தினின்று நீங்கின; பேச்சில் மட்டும் எஞ்சியுள்ளன. ஆயினும் ஒன்றை வினவாது நூலை வைத்தல் தவறு. இரு பட்டணங்களுக்கிடையே செல்லும் சாலையில் கட்டைகள் எப்பக்கமிருந்து எண்ணப்பட்டன என்பதை முதியவரே கூறவேண்டும்.

பெயர்களும் ஆய்வாளனை அலைக்கழிக்கும். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆயிற்று. இவற்றையேனும் எளிதில் அறியலாம். தோட்டங்களின் நிலை வேறு. துரைமார் தம் தாயகத்தை நினைந்து கலிடோனியா என்றும் இஞ்ச் கென்னத் என்றும் பெயரிட்டனர். படத்தில் ஏறியவை அவையே. அங்கு வாழ்ந்த தமிழர் தோட்டங்களுக்குத் தாமே சூட்டி வழங்கிய பெயர்கள் அரிதாகவே அளவையாளர் செவிக்கு எட்டின. 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலில் பல தோட்டங்கள் சிறு சிறு நிலங்களாகக் கைமாறின. அக்காலத்துக்கு முந்திய படம் ஒன்றேனும் கையில் இல்லாதார் பேரன்மாருக்கு எவ்விடத்தைச் சுட்டிக் காட்டுவர்?

புத்ராஜெயாவை எண்ணிப் பார்க்கலாம். இன்று அந்நகரம் நிற்கும் நிலத்தில் பிராங் பெசார், மேடிங்லி, காலவே, செட்ஜ்லி ஆகிய தோட்டங்கள் இருந்தன. பிராங் பெசார், முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய ஆங்கிலேயர் 1921இல் தொடங்கிய தோட்டம். அங்கு உருவாக்கப்பட்ட இரப்பர் இனங்கள் இன்றும் பி.பி. என்னும் எழுத்துகளைத் தாங்கி வழங்குகின்றன. மரத்தின் பெயர் நிலைத்தது. அம்மரத்தில் பால் வெட்டியவரின் பெயரைத் தாங்கும் பலகை எதுவும் இல்லை. 1990களில் நகரம் எழுந்தபோது சுவாவ், பீசா ஆறுகளைத் தேக்கி ஏரி அமைத்தனர். ஆற்றங்கரையில் விளையாடியதை நினைவுகூரும் ஒருவருக்கு இன்றைய படம் நீர்ப்பரப்பையே காட்டும். பழைய படத்தில் அவ்வாறுகளின் போக்கு அப்படியே உள்ளது.

இனிக் காலத்தைப் பற்றிய கவனம். படத்தின் ஓரத்தில் அச்சிட்ட ஆண்டைக் கண்டு அமைதி கொள்வோர் பலர். அளவை நிகழ்ந்த ஆண்டு வேறு, அச்சான ஆண்டு வேறு. அவசரகாலத்தில், 1950க்குப் பின், சிதறிக் கிடந்த லயங்கள் பல ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. 1940இல் பிறந்த தாய் கூறும் வீடும் 1955இல் பிறந்த மகன் கூறும் வீடும் ஒரே தோட்டத்தின் வெவ்வேறு மூலைகளில் இருக்கக்கூடும். இருவருள் எவரும் பொய் கூறவில்லை. ஒரே படத்தைக் கொண்டு ஒருவரைத் திருத்த முற்படும் ஆய்வாளனே பிழை செய்கின்றான்.

கடலுக்கு அப்பால் தமிழகத்துக் கிராமப் படங்களை நாடுவோரும் உளர். அங்கே ஒவ்வொரு வயலுக்கும் சர்வே எண் உண்டு; ‘அ’ பதிவேட்டில் பட்டாதாரர் பெயரும் உண்டு. வீடுகள் நின்ற நத்தமோ வரி விதிக்கப்படாத நிலமாதலால், பழைய படத்தில் உட்பிரிவின்றி ஒரே எண்ணுடன் வெற்றிடமாகக் கிடக்கும். வரி தரும் நிலத்தையே அளவைச் சங்கிலி நுணுகி அளந்தது. இங்கே தோட்டப் படத்திலும் மரங்களுக்குப் பிரிவு எண்ணும் நட்ட ஆண்டும் உண்டு. லயங்கள் கறுத்த சிறு கட்டங்களாய் நிற்கும். நிலமற்ற கூலியாய்க் கப்பலேறியவரின் பெயர் இரு கரையிலும் படத்தில் இராது. இதனை உணராமல், படத்தில் மூதாதையரின் ஊர்ப்பெயர் கண்ட மகிழ்ச்சியில் அவர்களை நிலக்கிழார் ஆக்கிவிடும் குடும்ப மலர்கள் நகைப்புக்குரியன.

ஆகவே படத்தை மட்டும் கொண்டு எவர் வாழ்ந்தார் என நிறுவ இயலாது. எங்கு வாழ்ந்தார் என்பதை, முதியவர் அருகிருந்தால், நிறுவலாம். பழைய தாள்கள் கோலாலம்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்திலும் சிங்கப்பூர்க் காப்பகத்திலும் இலண்டனிலும் பாதுகாக்கப்படுகின்றன, அவை காத்திருக்கும். ஒன்பதாங் கட்டை எப்பட்டணத்திலிருந்து எண்ணப்பட்டது என்று சொல்லக்கூடியவர் காத்திருக்க மாட்டார்.